வேர்க்ஸ்டேஷன் லப்டொப்பில் கேம் ஓடுமா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை இருக்கிறது. சொந்தக்காரர், அயலவர், அவர்களுடைய பிள்ளைகளின் கூட்டாளிகள் என்று யாராவது ஒருவர் லப்டொப்பைக் கொண்டுவந்து அதில் வைப்பார். கொஞ்சக் காலமாக வருபவற்றில் பாதிக்கு மேல் ஒரே வகை: வெளிநாட்டுக் கம்பனிகள் பாவித்துக் கழித்த, தடித்த கறுப்பு வேர்க்ஸ்டேஷன்கள். படிப்புக்கென்று வாங்கியிருப்பார்கள், பெடியனுக்கு அதிலேயே கேமும் ஓட வேண்டும். நானும் அப்படியொரு திங்க்பேட் பி52ஐத்தான் பாவிக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேர்க்ஸ்டேஷன் என்றால் என்ன? சாதாரண ஒஃபிஸ் லப்டொப்பும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கும், உள்ளே ஆள் வேறு. லெனோவோவின் திங்க்பேட் பி வரிசை, டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக் ஆகிய மூன்றும்தான் இங்கே அதிகம் வருகின்றன. வீடு வரைபவர்கள், இயந்திரப் பாகம் வடிவமைப்பவர்கள் நாள் முழுக்க ஓட்டோகாட், சொலிட்வேர்க்ஸ் போன்றவற்றைத் திறந்து வைத்து வேலை செய்யச் செய்யப்பட்டவை. அதனால் உள்ளே தனியான கிராபிக்ஸ் சிப் இருக்கும். திங்க்பேட் டி வரிசை, டெல் லற்றிட்யூட் போன்ற ஒஃபிஸ் லப்டொப்புகளில் பெரும்பாலும் அது இராது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்துக்குப் போகும் பிள்ளைகள் இந்த வகையைத் தேடுவதற்குக் காரணம் அதுதான்.

அப்படியென்றால் கேம் ஓடுமா?

ஓடும். பெரும்பாலான பிள்ளைகள் கேட்கும் கேமுக்கு இது தாராளமாகக் காணும். ஜிடிஏ 5இன் பழைய பதிப்பு, வலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, கேம்லூப் எமுலேற்றரில் (போன் கேமைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருள்) பப்ஜி மொபைல் எல்லாமே நடுத்தரமான குவாட்ரோ, அதாவது என்விடியா கம்பனியின் வேர்க்ஸ்டேஷன் கிராபிக்ஸ் சிப், உள்ள லப்டொப்பில் நன்றாக விளையாடக்கூடியவை. கிரிக்கெட் 07ஐப் பற்றிக் கேட்கவே தேவையில்லை. 2006இல் வந்த அந்தக் கேமை இன்றும் ஊரில் விளையாடாத வீடு குறைவு, அதற்குத் தனிக் கிராபிக்ஸே வேண்டாம்.

ஓடாதவையும் இருக்கின்றன. சைபர்பங்க் 2077க்கு இப்போது குறைந்தபட்சமாகக் கேட்பதே என்விடியாவின் கேமிங் சிப்பான ஜிடிஎக்ஸ் 1060 தரம். டூம்: தி டார்க் ஏஜஸ் போல ஒளிக்கதிர் கணிப்பு (ரே ட்ரேசிங்) வசதி உள்ள சிப் இல்லாவிட்டால் தொடங்கவே தொடங்காத கேம்களும் வந்துவிட்டன. அப்படியான கேம்தான் உங்கள் ஆசை என்றால் பழைய வேர்க்ஸ்டேஷன் வாங்காதீர்கள். மனம் நொந்துதான் போவீர்கள்.

குவாட்ரோ என்று ஒட்டியிருக்கிறது. அது கேமுக்கு உதவாது என்கிறார்களே?

இதைத்தான் அதிகம் பேர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். குவாட்ரோவும் கேமிங் வரிசையான ஜிஃபோர்ஸும் என்விடியாவின் ஒரே சிப்பில் இருந்து வருபவை. வேலைக்கான மென்பொருள்களில் சோதித்து உறுதிசெய்த டிரைவரோடு வருவதும் விலையும்தான் பெரிய வித்தியாசம். கேமுக்கு அது எந்தச் சிப் என்பதுதான் கணக்கு.

நான் மனதில் வைத்திருக்கும் ஒப்பீடு இது. குவாட்ரோ பி1000 ஏறக்குறைய ஜிடிஎக்ஸ் 1050க்குக் கொஞ்சம் கீழே. பி2000இல் 768 கோர் (சிப்புக்குள் கணக்குப் பார்க்கும் சின்ன அலகு), 4 ஜிபி நினைவகம், அதாவது 1050 டிஐயின் அதே சிப், அதே கோர்க் கணக்கு. பி3200 என்றால் 6 ஜிபி நினைவகம், 1060இன் பக்கம் வந்துவிடும். அதற்கடுத்த தலைமுறையில் டி2000ஐ 1650ஓடு வைக்கலாம், குவாட்ரோ ஆர்டிஎக்ஸ் 3000ஐ 2060ஓடு வைக்கலாம். பலவற்றில் கடிகார வேகம் கேமிங் மாடலை விடச் சற்றுக் குறைவு, அதை மனதில் கொள்ளுங்கள். பழைய எம்1000எம், எம்1200 போன்றவற்றைக் கேமுக்கென்று தேடிப் போகாதீர்கள். கையில் இருந்தால் பாவியுங்கள், புதிதாகக் காசு கொடுக்க வேண்டாம்.

யூடியூபில் பி2000 என்று தேடினால் வருபவற்றில் பல டெஸ்க்டொப் அட்டையின் வீடியோக்கள். டெஸ்க்டொப் பி2000இல் 1024 கோர், 5 ஜிபி நினைவகம். பெயர் ஒன்று, ஆள் வேறு. அந்த வீடியோவில் காட்டும் பிரேம் கணக்கை (ஒரு செக்கனில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) லப்டொப்பில் எதிர்பார்த்து ஏமாந்து, லப்டொப் பழுது என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

சியோன் புரொசெசர், 32 ஜிபி ராம். இது ஐ7ஐ விடத் திறமா?

கேமுக்கு இல்லை. லப்டொப் சியோன் ஏறக்குறைய அதே தலைமுறை ஐ7தான். பிழை திருத்தும் ராமை ஏற்கும் என்பது அதன் சிறப்பு, கேம் அதைக் கண்டுகொள்ளாது. 32 ஜிபியும் பிழையில்லை, ஆனால் 16 காணும். ஒற்றைத் தட்டாக 16 போடுவதை விட 8உம் 8உமாக இரண்டு போடுவது நல்லது.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு இழுபடுகிறது. ஏன்?

சூடு. என் மேசைக்கு வரும் லப்டொப்புகளில் மிகக் கூடுதலானவற்றின் நோய் இதுதான்.

ஐ7-8850எச் போன்ற புரொசெசர் 100 பாகை செல்சியஸைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த லப்டொப்புகளில் புரொசெசரும் கிராபிக்ஸும் பெரும்பாலும் ஒரே செப்புக் குழாய்களில் சூட்டைப் பங்குபோடுகின்றன. ஒன்று கொதித்தால் மற்றதும் கொதிக்கும். திங்க்பேட்டுக்கு லெனோவோ சொல்லும் அறை வெப்பம் 35 பாகை வரை. சித்திரை, வைகாசியில் சீற் கூரைக்குக் கீழே பின்னேரம் மூன்று மணிக்கு உங்கள் அறை என்ன பாகை என்று ஒருக்கால் அளந்து பாருங்கள். குளிரூட்டிய கந்தோருக்குச் செய்த பெட்டி அது. எங்கள் அறையில் வைத்தால் தொடக்கமே சூட்டில்தான்.

அதற்கு மேல் தூசி. போன ஆவணியில் உரும்பிராயில் இருந்து ஒரு தம்பி டெல் பிரிசிஷன் 7530ஐக் கொண்டுவந்தான். வீட்டைச் சுற்றி வெங்காயத் தோட்டம், சோளகம் அடிக்கும் காலம் முழுக்க அறை ஜன்னல் திறந்தபடி. அடி மூடியைக் கழற்றி விசிறியை எடுத்தேன். விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில், தகடுகள் இருப்பதே தெரியாத மாதிரி, செம்மண் நிறத்தில் ஒரு படை. சிறு இடுக்கியால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். துண்டு துண்டாக உடையாமல், கம்பளித் துணி மாதிரி ஒரே கீற்றாகக் கழன்று வந்தது. மண்ணும் தலைமயிரும் துணி நூலும் சேர்ந்து இறுகிய கீற்று. அதை மேசையில் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தகடுகளுக்கு ஊடாக மறுபக்கம் தெரிந்தது. சிப்பின் சூட்டைச் செப்புக்குக் கடத்தும் பழைய பசை காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது, அதையும் துடைத்துப் புதிதாகப் பூசினேன். 98இல் நின்ற வெப்பம் அதே கேமில் 85க்கு வந்தது. வேறு ஒன்றும் மாற்றவில்லை.

வலிகாமத்துச் செம்மண் பக்கம் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து துப்புரவாக்குங்கள். பருத்தித்துறை, குருநகர் போலக் கடலோரம் இருப்பவர்களுக்குத் தூசியை விட உப்புக்காற்றுத்தான் பகை. விளையாடாத நேரம் லப்டொப்பை மூடிப் பைக்குள் வையுங்கள்.

திறக்காமல் சூட்டைக் குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, மூன்று.

ஒன்று, பின்பக்கத்தை உயர்த்துங்கள். நான் பழைய பனஞ்சலாகையில் இரண்டு துண்டு வெட்டி, உரஞ்சி எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு அங்குல உயரம் காணும். மெத்தையில், தலையணையில் வைத்து விளையாட வேண்டவே வேண்டாம்.

இரண்டு, பிரேமைக் கட்டுப்படுத்துங்கள். என்விடியா கொன்ட்ரோல் பனலில் அதிகூடிய பிரேம் வேகம் என்ற செற்றிங் 2020 ஜனவரி டிரைவரில் வந்தது. உங்கள் திரை 60 ஹேர்ட்ஸ் என்றால் 60 என்று போடுங்கள். திரையால் காட்ட முடியாத பிரேமுக்காகச் சிப்பை ஏன் வேகவைக்க வேண்டும்?

மூன்றாவது, பவர் ஒப்ஷன்ஸில் புரொசெசரின் உச்ச அளவை 100இல் இருந்து 99 ஆக்குவது. டர்போ, அதாவது புரொசெசர் தானாக வேகத்தைக் கூட்டுவது, நின்றுவிடும், 8850எச் 2.6 கிகாஹேர்ட்ஸில் இருக்கும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் கிராபிக்ஸ்தான் தடையாக இருக்கும் கேம்களில் பிரேம் பெரிதாகக் குறையாது, இழுபடுவது நின்றுவிடும். போட்டிக் கேம் ஆடுபவர்களுக்கு இது சரிவராது, அவர்களுக்கு டர்போ வேண்டும்.

புரொசெசரின் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சூட்டைக் குறைக்கும் வித்தையைப் பற்றியும் கேட்பார்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு, பயோஸ் (விண்டோஸுக்கு முன்னே லப்டொப்பை எழுப்பும் மென்பொருள்) அப்டேற் செய்த பல லப்டொப்புகளில் அது பூட்டப்பட்டுவிட்டது. அதற்காகப் பயோஸைப் பழையதுக்கு இறக்கச் சொல்ல மாட்டேன்.

சார்ஜர் எதுவாக இருந்தாலும் செருகினால் ஓடுகிறதுதானே?

ஓடும், ஆனால் ஊரும். இதில் நானே பட்டேன். என் பி52ஐக் கொழும்பில் ஒரு கடையில் வாங்கினேன். கூடவே தந்தது 135 வாட் சார்ஜர். பொருந்தியது, பற்றரியும் ஏறியது, நான் மேலே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கேம் போட்டால் சார்ஜர் செருகியபடியே பற்றரி இறங்குகிறது, பிரேம் பாதியில் நிற்கிறது. ஒரு கிழமை டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டேன், விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டேன். கடைசியில் ஒரு இரவு சார்ஜரின் அடியில் இருந்த பொடி எழுத்தை ரோர்ச் அடித்து வாசித்தபோதுதான் விளங்கியது. பி52க்குக் குறைந்தது 170 வாட் வேண்டும், பி3200 இருந்தால் 230. கடைக்குப் போன் எடுத்தேன், மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். தனியே காசு கொடுத்து 170 வாட் ஒன்று வாங்கிச் செருகிய அன்றே எல்லாம் சரி.

டெல் இன்னும் கண்டிப்பு. சார்ஜர் முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசிதான் அது எத்தனை வாட் என்று லப்டொப்புக்குச் சொல்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, சார்ஜர் போலியாக இருந்தாலோ, தொடங்கும்போது சார்ஜரை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு செய்தி வரும். பலர் அதை ஒரு பொத்தானை அமத்திக் கடந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு புரொசெசர் 800 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஊர்ந்தபடி இருக்கும், பற்றரியும் ஏறாது. லப்டொப் போய்விட்டது என்று நினைத்து விற்க இருந்த ஒருவரின் லப்டொப் சார்ஜர் மாற்றியதும் எழும்பியது. பிரிசிஷன் 7530க்கு 180 அல்லது 240 வாட், இசட்புக் 15 ஜி5க்கு 150 அல்லது 200 வாட். கிராபிக்ஸ் பெரிதென்றால் பெரிய எண்.

கனடாவில் இருந்து மாமா தன் வேலை இடத்து லப்டொப்பைக் கொண்டுவந்தார். கரன்டுக்குப் பிரச்சினை வருமா?

கரன்டுக்கு வராது. சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருக்கும், எங்கள் 230 அதற்குள் அடங்கும். வயரை மட்டும் மாற்றினால் போதும். லண்டனில் இருந்து வந்தது என்றால் அந்தச் சதுரமுனைப் பிளக் புதுச் சொக்கெற்றில் நேரே பொருந்தும். பழைய வீட்டு வட்டமுனைச் சொக்கெற் என்றால் மூன்று முனை வயர் வாங்குங்கள். இரண்டு முனையில் செருகி எர்த் இல்லாமல் பாவித்தால் உலோக உடம்பில் கை வைக்கும்போது எறும்பு ஊருவது போல ஒரு சுரீர் வரும்.

கரன்டை விடப் பெரிய கேள்வி, மாமாவின் கம்பனி அதை விடுவித்ததா என்பது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு, இன்ரநெற் கொடுத்ததும் ஏதோவொரு கம்பனியின் பெயரோடு உள்நுழையும் பக்கம் வந்து நிற்கும் லப்டொப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. அதை விடுவிக்க அந்தக் கம்பனியால்தான் முடியும். பயோஸில் கடவுச்சொல் இருந்தால் இன்னும் கரைச்சல். திங்க்பேட்டில் சூப்பர்வைசர் கடவுச்சொல் தெரியாவிட்டால் தாய்ப்பலகையை மாற்றுவதுதான் லெனோவோ சொல்லும் வழி. மாமா அங்கே இருக்கும்போதே கேட்டு எடுத்துவிடுங்கள். பிளேனில் ஏறிய பிறகு கரைச்சல் கூடும்.

எந்த டிரைவர் போடுவது?

என்விடியாவின் தளத்தில் குவாட்ரோ, ஆர்டிஎக்ஸ் வேலைக் கணினிகளுக்கென்று இருக்கும் டிரைவரையே போடுங்கள். அதில் கேமுக்கான திருத்தங்களும் வரும், கொஞ்சம் பிந்தி வரும், அவ்வளவுதான். பல்கலைக்கழக வேலைக்குச் சொலிட்வேர்க்ஸ் முக்கியம் என்றால் லப்டொப் கம்பனியின் தளத்தில் உள்ளதே பாதுகாப்பு. பி1000, பி2000, பி3200 மூன்றும் பாஸ்கல் தலைமுறை. என்விடியா அந்தத் தலைமுறைக்கு 580 வரிசை டிரைவரோடு புதிய கேம்களுக்கான மேம்பாட்டை நிறுத்திவிட்டது. இன்று ஓடும் கேம் நாளையும் ஓடும், நாளை வரப்போகும் கேமுக்குத்தான் உத்தரவாதம் இல்லை.

4கே திரை உள்ளதை வாங்கினால் கேம் வடிவாகத் தெரியுமா?

படம் பார்க்க வடிவு. கேமுக்கு, 4கே என்றால் 1920க்கு 1080 திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகள். பி2000 அதை இழுக்காது. வாங்கிவிட்டீர்கள் என்றால் கவலைப்பட வேண்டாம், கேமுக்குள் 1920க்கு 1080 என்று போடுங்கள். நீளத்திலும் அகலத்திலும் சரி பாதியாக வருவதால் படம் பெரிதாக மங்காது. பயோஸில் கிராபிக்ஸைத் தனிச் சிப்புக்கு மட்டும் மாற்றும் வசதி இருந்தால் விளையாடும் நாட்களில் அதையும் மாற்றலாம், பற்றரி கெதியாக இறங்கும்.

விண்டோஸ் 11 போடலாமா? வலோரண்ட் தொடங்க மறுக்கிறதே?

எட்டாம் தலைமுறை இன்டெல்லில் இருந்து முறைப்படி போடலாம். பி52, 7530, இசட்புக் ஜி5 எல்லாம் அதற்குள் வரும். பி50, பி51 போன்ற ஆறாம், ஏழாம் தலைமுறைகள் வராது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால், இனி வாங்குபவர்கள் எட்டுக்குக் கீழே போக வேண்டாம்.

விண்டோஸ் 11இல் வலோரண்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும், செக்யூர் பூட் என்ற, தொடங்கும்போது விண்டோஸைச் சரிபார்க்கும் பயோஸ் வசதியையும் கேட்கும். வியாபார லப்டொப்புகளில் இரண்டுமே இருக்கின்றன. விண்டோஸ் போட்டுத் தந்தவர் பழைய முறையில் போட்டிருந்தால் செக்யூர் பூட் அணைந்திருக்கும். பயோஸில் அதை அப்படியே போட்டால் விண்டோஸ் எழும்பாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும், விண்டோஸிலேயே அதற்கு ஒரு கருவி இருக்கிறது. முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

கரன்ட் போனால் பற்றரியில் விளையாடலாமா?

விளையாட ஏலும், ஆனால் கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் வலு நன்றாகக் குறைந்துவிடும். கேமைச் சேமித்து மூடப் பற்றரி உதவும், அந்த அளவில் பாருங்கள். 2022இல் நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரன்ட் வெட்டிய நாட்களில் இதைத்தான் எல்லோரும் படித்தோம். எப்போதும் செருகியே பாவிப்பவர்கள் பற்றரி 80 வீதத்தில் நிற்கும்படி லெனோவோ, டெல் மென்பொருளில் போட்டுவையுங்கள், வீங்குவது குறையும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்குச் சார்ஜரையும் இன்ரநெற் வயரையும் சேர்த்துக் கழற்றுங்கள். வயரை மறந்து போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பிங் (கேம் சேர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) கூடுதலாக வருகிறது. லப்டொப்பின் பிழையா?

பெரும்பாலும் வைஃபையின் பிழை. வேர்க்ஸ்டேஷன்களில் பலவற்றில் வயர் செருகும் துளை இருக்கிறது, அதைப் பாவியுங்கள்.

கிராபிக்ஸ் அட்டையை மட்டும் மாற்றிப் பெரிதாக்கலாமா?

பி52இல் அது தாய்ப்பலகையோடு ஒட்டியது, மாற்ற முடியாது. தண்டர்போல்ட் என்ற வேகமான போர்ட்டில் வெளியே ஒரு பெட்டி வைத்து அட்டை பூட்டலாம். ஆனால் பெட்டிக்கும் அட்டைக்கும் கொடுக்கும் காசுக்கு ஒரு டெஸ்க்டொப்பே கட்டிவிடலாம்.

அப்படியென்றால் அதே காசுக்குக் கேமிங் லப்டொப் வாங்கினால் என்ன?

கேம் மட்டும்தான் நோக்கம் என்றால் வாங்குங்கள், மறிக்க மாட்டேன். ஒரே விலையில் பிரேம் கூடுதலாகத் தரும், திரையும் 120, 144 ஹேர்ட்ஸில் இருக்கும். ஆனால் பாவித்த கேமிங் லப்டொப் என்பது யாரோ ஒருவர் வருடக் கணக்காக முழுச் சூட்டில் ஓட்டியது. வேர்க்ஸ்டேஷன் பெரும்பாலும் கந்தோர் மேசையில் இருந்தது. கழற்றிப் பூட்டும் வழிகாட்டியைக் கம்பனிகளே படத்தோடு தளத்தில் போட்டிருக்கின்றன, கீபோர்ட், விசிறி, பற்றரி எல்லாம் தனித்தனியே கிடைக்கும். பகலில் படிப்பு, இரவில் இரண்டு மணித்தியாலம் கேம் என்ற பிள்ளைக்கு நான் வேர்க்ஸ்டேஷனைத்தான் சொல்வேன். இரண்டரைக் கிலோ பாரம் மட்டும் பஸ்ஸில் போய் வருபவர்களுக்குத் தோளில் தெரியும்.

கடையில் நிற்கிறேன். எதைப் பார்ப்பது?

புரொசெசரையும் ராமையும் கடைக்காரர் தானாகச் சொல்வார். நீங்கள் டாஸ்க் மனேஜரைத் திறந்து கிராபிக்ஸின் முழுப் பெயரையும் நினைவகத்தையும் உங்கள் கண்ணால் வாசியுங்கள். சார்ஜரைத் திருப்பி வாட்டைப் பாருங்கள். பயோஸுக்குள் போய்க் கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். பற்றரி வீங்கிக் கீபோர்ட் பக்கம் எழும்பியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பிறகு ஏதாவது ஒரு கேமையோ சோதனை மென்பொருளையோ போட்டு, ஐந்து நிமிடம் அல்ல, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். அவசரப்படுத்தினால் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அதை ஓடவிட்டே போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது பிரேம் தொடங்கிய இடத்திலேயே நின்றால் காசைக் கொடுக்கலாம்.